வெந்நீர் வைத்தலில் எழும் சில ஆய்வுச் சிக்கல்கள்

ஆய்வுச் சிக்கல்

ஒருவருக்குச் சமையல் அறவே வராது என்பதைச் சொல்ல நம்மிடம் ஒரு வாசகம் உண்டு: "அவருக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது." இதில் வரும் 'கூட' என்னும் இடைச்சொல் ஈண்டு நோக்கத்தக்கது. சமையல் என்னும் ஏணியில் வெந்நீரே கடைசிப் படி, அதற்குக் கீழே தரைதான் என்பது அந்தக் 'கூட'வின் உட்கிடை. இக்கட்டுரையாளர் ஐம்பத்திரண்டு வயதுவரை அந்தக் கடைசிப் படியில் கௌரவமாக நின்றுகொண்டிருந்தவர். ரசம் வராது, உப்புமா கட்டி தட்டும், ஆனால் வெந்நீர் வைப்பார். அதில் யாரும் குறை கண்டதில்லை. சென்ற ஆனி மாதம் வீட்டுக்குள், சூட்டை இத்தனை டிகிரி என்று குறித்துக் கேட்கக்கூடிய மின்கெட்டில் ஒன்று வந்தது. அன்றிலிருந்து அவருக்கு வெந்நீரும் வைக்கத் தெரியாது.

இந்த வீழ்ச்சியின் காரணங்களை ஆராய்வதே கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை, சென்னையில் ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பின் அடுக்களையும் அதை ஒட்டிய கூடமும். ஆய்வுக் காலம் ஏழு மாதம். ஆய்வுக்கு உட்பட்டோர் நால்வர்: கட்டுரையாளர் (இனி 'நான்', நாள் முழுக்கத் தன்னைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள்), என் மனைவி, மகள், அம்மா. இவர்களில் அம்மா தாம் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அறியார் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பது பின்னர் கூறப்படும். நிதி நல்கை, மகளின் முதல் மாதச் சம்பளம்.

கருவி

சாதாரண மின்கெட்டில் கொள்கைப் பிடிப்புள்ளது. தண்ணீரைக் கொதிக்க வைக்கும், அணைந்துவிடும், வேறு பேச்சு கிடையாது. அது தண்ணீரின் சூட்டை அளப்பதே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கொதித்து எழும் ஆவி ஒரு சிறு துளை வழியே சுவிட்சுக்குப் போகிறது. அங்கே, சூட்டில் விரிவதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிய தகடு இருக்கிறது. ஆவி பட்டதும் ஒன்று அதிகம் விரியும், மற்றது அவ்வளவு விரியாது. தகடு 'டக்'கென்று வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். (ஒத்துப்போகாத இருவரை ஒட்டிவைத்தால் சூடேறும்போது என்ன ஆகும் என்று அறிய உலோகவியலுக்குப் போக வேண்டியதில்லை. மனைவி இந்த வரியைப் படித்தார், நீக்கச் சொல்லவில்லை.) மூடியைத் திறந்து வைத்தால் ஆவி வேறு வழியாகப் போய்விடும், கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும்.

இத்தகைய தகட்டுச் சுவிட்சுகளால் பேரும் பொருளும் ஈட்டியவர் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர். அவரே பின்னாளில் கேம்பிரிட்ஜில், கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் சுவரில், ஒரு பெரிய கடிகாரத்தை அமைத்தார். 2008-இல் ஸ்டீபன் ஹாக்கிங் அதைத் திறந்துவைத்தார். அதன் உச்சியில் வெட்டுக்கிளி போன்ற ஒரு பூதம் உட்கார்ந்து நொடிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்தவருக்குத்தான் அப்படியொரு பூதம் கண்ணில் படும் என்பது என் துணிபு.

எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த இனம் அன்று. இதன் பீடத்தில் 40, 70, 80, 90, 100 என்று ஐந்து பொத்தான்கள். ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டவும் குறைக்கவும் மேலும் இரண்டு. கெட்டிலின் அடியில் ஓர் உணரி பதிந்திருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவைக் கணக்கிட்டு எண்ணாக்கிச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டும். கேட்ட சூடு வந்ததும் மூன்று முறை கீச்சிடும். வேண்டுமானால் அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே பிடித்து வைக்கும்.

1500 வாட் என்பதால் தடித்த கால்கள் கொண்ட பிளக். அடுக்களையில் அதற்குரிய 15 ஆம்ஸ் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். காஸ் தீர்ந்துபோகும் நாளுக்கென்று வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்புக்கு அது பரம்பரைப் பாத்தியதை. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை, விட்டுவிடுவோம்.

கணக்கு எளிது. சென்னைக் குழாய்த் தண்ணீரை 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரைக் கொதிநிலைக்கு ஏற்ற ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். 1500 வாட்டில் அது 3 நிமிடம் 20 விநாடி. வழியில் சிந்துவதையும் சேர்த்தால் நாலு நிமிடம். ஆனால் மே மாத மாலையில், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில், மின்னழுத்தம் 230-லிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கும்போது கெட்டிலின் வலு அதே விகிதத்தில் அல்ல, அதன் இருமடியில் இறங்கும். 1500 வாட் 1130 ஆகிவிடும். சிந்தாமல் சிதறாமல் கணக்குப் பார்த்தாலே 4 நிமிடம் 25 விநாடி. கோடையில் வீட்டாருக்குப் பொறுமை குறைவதும் கெட்டிலுக்கு வலுக் குறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்றுக்கு மற்றது காரணமா என்பதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

கருவியின் பெருங்குறை அதன் குறைந்தபட்சக் கோடு. அரை லிட்டருக்குக் கீழே ஊற்றக் கூடாதாம். அம்மாவுக்கு வேண்டியது காலையில் ஒரு டம்ளர், 200 மில்லி. மீதி 300 மில்லி நாள்தோறும் யாருக்காகவோ சுட்டு, யாருக்கும் ஆகாமல் ஆறுகிறது. இப்படி ஆண்டொன்றுக்கு வீணாவது சுமார் 9 யூனிட். இந்த எண்ணை அம்மாவிடம் சொன்னேன். "அந்தத் தண்ணியை எடுத்து வச்சுப் பாத்திரம் தேய்க்கலாமேடா" என்றார். ஆய்வாளர்கள் பலர் இப்படித்தான் தீர்வை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சொல்லாய்வு

இனி இலக்கணம். வெந்நீர் என்பது பண்புத்தொகை, 'வெம்மையாகிய நீர்' என விரியும். எவ்வளவு வெம்மை என்பது தொகையிலும் இல்லை, விரியிலும் இல்லை. அந்தத் தெளிவின்மையின் நிழலில்தான் குடும்பங்கள் இத்தனை காலம் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன.

சுடுநீரின் கதை இன்னும் மோசம். அது வினைத்தொகை. சுட்ட நீர், சுடுகின்ற நீர், சுடும் நீர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். காலத்தை ஒளித்து வைத்திருக்கும் தொகை என்று தமிழய்யா நடத்தியபோது, இதனால் ஒரு வீடு இரண்டுபடும் என்று எனக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு மனைவி, "சுடுதண்ணி இருக்காங்க?" என்று கேட்பார். "இருக்கு" என்பேன். நான் சொன்னது இறந்தகாலம், ஐந்தே முக்காலுக்குச் சுட்டது. அவர் கேட்டது நிகழ்காலம். இதற்கிடையில் மகள் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்க்கப் போயிருந்தால் எதிர்காலமும் வந்து சேர்ந்துகொள்ளும். மூன்று பேரும் உண்மைதான் பேசுகிறோம். சண்டை மட்டும் வந்துவிடுகிறது.

சுடாத நீருக்கு நாம் வைத்த பெயர் பச்சைத் தண்ணீர். பச்சைக் காய், பச்சை அரிசி, பச்சை மிளகாய் என்னும் வரிசையில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீரும் பக்குவப்படுத்த வேண்டிய பண்டமே, அடுப்பைப் பார்க்காத தண்ணீர் இன்னும் வேகாத தண்ணீர் என்று நினைத்தவர்களின் சொல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

பச்சைக்கும் கொதிக்கும் நடுவே எத்தனை படிகள்! வெதுவெதுப்பு, இளஞ்சூடு, கை பொறுக்கிற சூடு, நாக்கு பொறுக்கிற சூடு, ஆவி பறக்க, சுடச்சுட, கொதிக்கக் கொதிக்க, தளதளவென்று. இவற்றில் பாதிச் சொற்கள் தம்மை அளக்கும் கருவியையும் உடன் சொல்லிவிடுகின்றன. கை, நாக்கு, கண், தளதளவுக்குக் காது. யாருடைய கை என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. அம்மா தோசையை விரலால் திருப்புகிறவர். என் விரல்கள் விசைப்பலகையைத் தவிர வேறெதையும் துணிந்து தொட்டதில்லை. அவர் 'கை பொறுக்கும்' என்று நீட்டிய டம்ளரை நான் வாங்கி உடனே கீழே வைத்த சம்பவங்கள் ஏராளம். கெட்டிலோ எல்லாக் கைக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தருகிறது. அதனாலேயே அது எந்தக் கைக்கும் பொருந்துவதில்லை.

நடுவே நிற்கும் இன்னொரு சொல் விளாவுதல். கொதிநீரோடு தண்ணீர் கலந்து பதத்துக்குக் கொண்டுவருவது. "குளிக்க வெந்நீர் விளாவி வச்சிருக்கேன்" என்ற குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அண்டாவிலிருந்து ஒரு சொம்பு, குழாயிலிருந்து ஒன்றரைச் சொம்பு, கைவிட்டு ஒரு கலக்கு, மறுபடி அரைச் சொம்பு. கெட்டில் தயாரித்தவர்களுக்கு இந்த வினை வேண்டாத வேலை. 40 வேண்டுமா? 40-ஐ அழுத்து. நூறுவரை போய் ஏன் திரும்பி வர வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். விடை காண எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

முன்னோர் ஆய்வுகள்

எண் வழியில் வெந்நீரை ஆராய்ந்தோருள் தலையாயவர் சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ். 1742-இல் அவர் தம் அளவுகோலை வெளியிட்டபோது தண்ணீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்தார். ஆம், தலைகீழாக. 1744-இல் அவர் இறந்த பிறகே மற்றவர்கள் அதைத் திருப்பி வைத்தார்கள். திருப்பாமல் விட்டிருந்தால் என் மகள் காலையில், "அப்பா, தண்ணி ஏழுக்கு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கெட்டில்கள் எல்லாம் ராக்கெட் ஏவுவதுபோல் இறங்குமுகமாக எண்ணி, சூனியத்தில் கீச்சிட்டிருக்கும்.

புலன் வழியில் ஆராய்ந்தோருள் தலையாயவர் எட்டாம் நூற்றாண்டுச் சீனத்து லூ யூ. தேநீருக்கென்றே தனி நூல் எழுதியவர். கொதியை அவர் மூன்றாகப் பகுத்தார். மீன்கண் போல் குமிழி தோன்றி மெல்லிய ஓசை எழுவது முதற்கொதி. விளிம்பில் முத்துச்சரம் கோத்தாற்போல் குமிழிகள் ஊறி வருவது இரண்டாங்கொதி. அலையலையாகப் புரள்வது மூன்றாங்கொதி. அதற்கும் மேல் விட்டால் தண்ணீருக்கு வயதாகிவிடும், குடிக்கலாகாது என்பது அவர் முடிவு. நமக்கு முக்கியமானது வேறு. இரண்டாங்கொதியில் ஓர் அகப்பைத் தண்ணீரை எடுத்துத் தனியே வைத்துவிடுகிறார். தேயிலை போட்டபின் கொதி பொங்கி வரும்போது அதையே திரும்ப ஊற்றி அடக்குகிறார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீனப் புலவர் விளாவியிருக்கிறார். எங்கள் அம்மாவோடு அவரை ஒரே அடுக்களையில் விட்டால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

களப்பணி

கருவியின் எல்லையைச் சோதிக்க வாய்ப்பளித்த இடம் உதகமண்டலம். அங்கே சித்தப்பா வீட்டுக்குப் போனபோது மகள் கெட்டிலையும் பெட்டியில் வைத்துக்கொண்டாள், தன் காபிக்காக. காலையில் குளிர் கருதி வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி 95-க்கு வைத்தாள். தண்ணீர் கொதித்தது. திரையில் 92, 93. தளதளத்தது. அப்போதும் 93. ஆவி ஜன்னலை மூடியது. 93 நகரவில்லை.

உதகை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2240 மீட்டர். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் குறையும். அங்கே தண்ணீருக்கு 93-ஐத் தாண்டத் தெம்பில்லை. அடியில் எவ்வளவு நெருப்பைக் கொட்டினாலும் அது ஆவியாகிப் போகுமே தவிரச் சூடேறாது. (கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று அளந்து காட்டியவரும் அதே செல்சியஸ்தான்.) கெட்டிலுக்கு இது தெரியாது. வராத 95-க்காக, ரயில் ரத்தானது தெரியாமல் நடைமேடையில் நிற்பவரைப் போல அது காத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி கொதிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சேம்மா, இன்னும் எதுக்கும்மா பாக்குற?" என்றார். "தொண்ணூத்தஞ்சு வரணும் தாத்தா." சித்தப்பா அந்த ஊரில் முப்பது ஆண்டு தேயிலை ஆலையில் இருந்தவர். ஒன்றும் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினார்.

உள்வீட்டுத் தரவுகள்

மனைவி பச்சைத் தேயிலைக்காரர். அவருக்கு 80. அதற்கு மேல் போனால் இலை கசப்பையும் துவர்ப்பையும் ஒரேயடியாக இறக்கிவிடும் என்பது சரியே. ஆனால் கெட்டில் 80-இல் அணைந்த பிறகும் அடித்தகட்டில் தேங்கிய சூடு தண்ணீரை 83, 84 வரை தள்ளிக்கொண்டு போகும். ஆகவே அவர் 77-க்கு வைத்து 80-ஐப் பிடிக்கிறார். என்னைக் கையாள்வதிலும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார் என்பதை இந்த ஆய்வின்போதே அறிந்தேன்.

மகளுக்கும் அம்மாவுக்கும் நடந்தது நீண்ட போர். மகள் காபித்தூளில் தண்ணீரை நூல் பிடித்தாற்போல் வட்டமாக ஊற்றி வடிக்கிற கட்சி. 93 டிகிரிதான் சரி, நூறில் ஊற்றினால் தூள் கருகும் என்பாள். அம்மா பில்டர் கட்சி. கொதிக்கக் கொதிக்க ஊற்றாவிட்டால் டிகாஷன் இறங்காது, இறங்கினாலும் தண்ணியாக இருக்கும் என்பார். சமரசத்துக்காக நான் ஒரு நாள் இரவல் வெப்பமானியோடு நின்றேன். நூறில் புறப்பட்ட தண்ணீர் குளிர்ந்த எவர்சில்வர் பில்டரையும் தூளையும் தொட்டதும் 94-க்கு வந்துவிட்டது. இருவரும் ஒரே சூட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் ஊற்றும் முன் அளக்கிறாள், அம்மா அந்த வேலையைப் பாத்திரத்திடம் விட்டுவிட்டார். இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தபோது இரு தரப்பும் என்மேல் கோபப்பட்டன. அவர்கள் தேடியது வெற்றி, நான் நீட்டியது சராசரி.

டபரா டம்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காபியை ஆற்றுவது வெறும் வித்தை அன்று. தண்ணீர் ஆவியாகும்போது பெருஞ்சூட்டை வாரிக்கொண்டு போகும். 100 மில்லி காபியிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியானாலும் மீதிக் காபி ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஆக, நம் வீடுகளில் சூட்டை ஏற்ற ஓர் அடுப்பும், இறக்க ஒரு டபராவும் எப்போதும் இருந்திருக்கின்றன. இந்தக் கெட்டிலுக்கு ஏற்ற மட்டுமே தெரியும். நூறுவரை போய்விட்டுக் கேட்ட சூட்டுக்கு இறங்கி வந்து நிற்கும் கெட்டில்களும் உண்டு. மகள் வாங்கியது அந்த விலையில் இல்லை.

ஒரு விபத்து

மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, யாரும் அடுக்களையில் இல்லாத ஐந்து நிமிடத்தில், கெட்டிலில் பாலை ஊற்றி 90-ஐ அழுத்திவிட்டான். பால் அடித்தகட்டில் ஒட்டிக் கருகியது, மேலே நுரைத்து மூக்கு வழியாகப் பீடத்தில் இறங்கியது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கெட்டில் 71 என்று காட்டிக்கொண்டிருந்தது. கருகல் வாசனை வேறு எண் சொன்னது. "பால் ஊத்தக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றான். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. மூன்று வாரம் எங்கள் வீட்டு வெந்நீர் திரட்டுப்பால் வாசனையோடு இருந்தது. அவன் வந்தால் இப்போதெல்லாம் காபியை அவன் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். அதற்காகவே செய்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

உப்புப் படிவைப் பற்றி விரித்தெழுத எண்ணியிருந்தேன். போர் தண்ணீர் ஊற்றினால் பத்தே நாளில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும், எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்க வைத்து ஊறவிட்டால் கரைந்துவிடும். இவ்வளவுதான். விரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நாற்பத்தெட்டு

இனி ஆய்வின் மையம். அம்மாவுக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீர் வேண்டும். கெட்டில் வருமுன் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, முதல் நாள் காய்ச்சி ஆறிய நீரைக் கூஜாவிலிருந்து விளாவி, டம்ளரின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக் குடிப்பார். கெட்டில் வந்த பின்னும் அதேதான். நேரே 100-ஐ அழுத்துவார். மற்ற நான்கு பொத்தான்களும் அவருக்குப் பூசைக்கு வைத்த எந்திரத்தில் உள்ள கட்டங்கள் போல, இருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வீண் சுற்றை ஒழிக்க முடிவு செய்தேன். பதினோரு நாள், அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விபூதி எடுக்கப் போகும் இடைவெளியில், வெப்பமானியை முக்கி எடுத்தேன். புறங்கையால் அளந்த அந்தக் கிழவியின் வெதுவெதுப்பு ஒரு நாள்கூட 46-க்குக் கீழேயும் போகவில்லை, 49-க்கு மேலேயும் போகவில்லை. அப்படியானால் அம்மா என்பவர் 48 டிகிரி. பன்னிரண்டாம் நாள் நானே முன்னால் எழுந்து கெட்டிலை 48-இல் வைத்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. நீட்டினேன். ஒரு வாய் குடித்தார்.

"இது வெந்நீர் இல்லை."

"அதே சூடும்மா. நாப்பத்தெட்டு."

"சூடு இருக்கு. வெந்நீர் இல்லை. கொதிச்ச தண்ணி வேற, சூடான தண்ணி வேற."

நான் மேற்கொண்டு பேசவில்லை. கொஞ்சம் யோசித்தபோது கெட்டிலின் ஐந்து பொத்தான்களும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்பது தெரிந்தது. குழாயைத் திறந்தால் வருவது நேரே குடிக்கத்தக்க நீர் என்ற நம்பிக்கை. அது உள்ள ஊரில் 48 வேண்டுமானால் 48-இல் நிறுத்தலாம். லாரித் தண்ணீரையும், எந்தக் குழாயில் எது கலந்ததோ என்ற சந்தேகத்தையும் பார்த்து வளர்ந்த ஊரில் பச்சைத் தண்ணீர் ஒரு முறை கொதியைப் பார்த்தாக வேண்டும். போய்த் திரும்பி வந்த 48 வேறு, போகாமலே நின்றுவிட்ட 48 வேறு. வெப்பமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும், அதற்குத் தண்ணீரின் பூர்வோத்தரம் தெரியாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறையும் இதுதான்: முதலில் கொதிக்க வை, பிறகு ஆறவிடு, 70-க்குக் கீழே இறங்குமுன் கல. மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால் அந்த 70. எங்கள் கெட்டிலிலும் 70-க்குப் பொத்தான் இருக்கிறது, ஆனால் அது ஏறும் வழியில் உள்ள 70, இறங்கும் வழியில் உள்ளது அன்று.

இது சுகாதாரத்தின் வாதம். அம்மாவோ சுகாதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குடித்துப் பார்த்துச் சொன்னார். நாக்கு அறியுமா? கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்த காற்று வெளியேறிவிடும், அதனால் சுவை மாறும் என்று ஒரு விளக்கம் கொடுக்கலாம். ஆனால் அவர் கொதித்த நீரில் பாதிக்குமேல் கூஜா நீர் விளாவிக் குடிப்பவர். அவ்வளவு நுண்ணிய நாக்கா? சோதிப்பதென்று முடிவு செய்தேன்.

பத்து நாள் சோதனை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, சில நாள் நேரே 48-க்கு ஏற்றிய நீர், சில நாள் கொதிக்க வைத்துக் கூஜா நீர் விளாவி 48-க்குக் கொண்டுவந்த நீர். ஒரே டம்ளர், ஒரே அளவு. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மகளை விட்டுக் கொடுக்கச் சொன்னேன். அவளுக்கும் எது எதுவென்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தேவைப்படவில்லை. அந்த நேரத்தில் அம்மா எப்போதும் கண்ணை மூடிக் கூடத்தில் ஜபம் செய்துகொண்டிருப்பார். பத்து நாளும் குடித்தவுடன் "வெந்நீர்" என்றோ "வெந்நீர் இல்லை" என்றோ ஒரு வார்த்தை. பத்துக்குப் பத்து சரி.

என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான முடிவு எந்தச் சோதனையிலும் வந்ததில்லை. பதினோராம் நாள் காலை, ஆய்வு விவரம் முழுவதையும் அவரிடம் சொல்லி, நாணயத்தையும் குறிப்பேட்டையும் எதிரே வைத்து, காலடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"அந்த ருசியை மட்டும் எப்படிம்மா பிடிச்சே?"

அம்மா ஜபமாலையை மடியில் வைத்தார்.

"ருசி என்னடா ருசி. கொதிக்கிற தண்ணி முதல்ல முணுமுணுங்கும், அப்புறம் இரைச்சல் போடும், கொதி வர்றதுக்கு முன்னாடி சட்டுனு அடங்கும். இங்க உக்காந்தாலே கேக்குமே. நீ நாப்பத்தெட்டுல நிறுத்தின நாளெல்லாம் சத்தமே வரலை."